உங்களுக்குத் தெரியுமா? வளையல் நிழலில் ஒரு சுற்றுப்பாதை

◆ ஒரு கண்ணாடி வளையலை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் நில்லுங்கள். தரைக்கு இணையாகப் பிடித்தால் நிழல் வட்டமாக விழும். கொஞ்சம் சாய்த்தால் அது நீள்வட்டமாகும். 60 பாகை சாய்த்தால் நிழலின் அகலம் நீளத்தில் சரிபாதியாகிவிடும்.

இப்போது அந்த வளையலின் விளிம்பில் ஓர் எறும்பு ஒரே வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அதன் நிழலும் நீள்வட்டத்தைச் சுற்றி வரும். ஆனால் எறும்பின் நடைக்கு இருக்கும் சீர் நிழலின் நடைக்கு இருக்காது. ஒடுங்கிய இரு முனைகளிலும் நிழல் தயங்கித் திரும்பும். தட்டையான பக்கங்களில் விரைந்து ஓடும்.

மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் போகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு பலமாக மையத்தை நோக்கி இழுக்கும் ஒரு விசை இருந்தால், அதில் அகப்பட்ட துகள் எப்படி ஓடுமோ அப்படியேதான் இந்த நிழல் எறும்பும் ஓடுகிறது. நொடிக்கு நொடி, இம்மி பிசகாமல்.

காரணம் எளிது. வட்டத்தில் சீராகச் சுற்றும் எதற்கும் முடுக்கம் மையத்தை நோக்கி இருக்கும். மையத்திலிருந்து எறும்புக்கு ஒரு கோடு போட்டால், முடுக்கம் அந்தக் கோட்டின் ஒரு குறிப்பிட்ட மடங்கு. அந்த மடங்கு எப்போதும் மாறாது. வெயில் அந்தக் கோட்டையும் முடுக்கத்தையும் ஒரே விகிதத்தில் தரையில் சாய்த்துப் போடுகிறது. ஆகவே நிழலின் முடுக்கமும் நிழல் மையத்தையே நோக்கும். அங்கிருந்து உள்ள தொலைவின் அதே மடங்காகவே இருக்கும். ஒரு சமன்பாடுகூட எழுதாமல் சுற்றுப்பாதை கிடைத்துவிட்டது: நீள்வட்டம், அதன் நட்ட நடுவில் விசையின் மையம்.

◆ பி.எஸ்சி. கணிதத்தில் இயக்கவியல் தாள் எழுதியவர்களுக்கு இது பழகிய கணக்கு. 'தொலைவுக்கு நேர்விகிதத்தில் உள்ள மைய விசையில் துகளின் பாதையைக் காண்க' என்று கேட்பார்கள். வழக்கமான வழியில், தொலைவின் தலைகீழை மாறியாக எடுத்து, கோணத்தைப் பொறுத்து இரண்டு தடவை வகையிட்டு, பிறகு தொகையிட்டு, மாறிலிகளோடு மல்லுக்கட்டி, ஒன்றரைப் பக்கம் கழித்து நீள்வட்டத்தைப் பிடிக்க வேண்டும். நான் படித்த காலத்தில் எனக்குக் காட்டப்பட்டது இந்த வழி மட்டும்தான். கணக்கு வந்தது, மதிப்பெண்ணும் வந்தது, பாதை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. துகளின் நகர்வைக் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் இரண்டு துண்டாகப் பிரித்துவிடுங்கள். விசை தொலைவுக்கு நேர்விகிதம் என்பதால், கிழக்குப் பக்கத்து இழுப்புக்குக் கிழக்குத் தொலைவு ஒன்றே போதும். துகள் வடக்கே எங்கே இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. வடக்குப் பக்கத்து இழுப்பும் அப்படியே. வேறெந்த மைய விசையிலும் இந்தச் சலுகை கிடையாது. இரண்டு திசையிலும் தனித்தனியாக ஒரு தனிச்சீரிசை இயக்கம். பள்ளியில் படித்த அதே சுருள்வில்தான், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து கிழக்கே 4 மீட்டரில் துகள் நிற்கிறது. ஒவ்வொரு மீட்டர் விலகலுக்கும் முடுக்கம் நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம். துகளை வடக்கு நோக்கி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் தள்ளிவிடுகிறோம். கோண அதிர்வெண் 4-இன் வர்க்கமூலம், அதாவது 2. வடக்கே அது எட்டும் எல்லை 6-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் 3 மீட்டர். ஆக அரை நெட்டச்சு 4, அரைக் குற்றச்சு 3. ஒரு சுற்றுக்கு 3.14 நொடி. கணக்கு முடிந்தது.

◆ அதே துகளை நொடிக்கு 6 மீட்டருக்குப் பதில் 8 மீட்டரில் தள்ளினால் பாதை வட்டமாகும். தள்ளாமல் சும்மா விட்டால் மையத்தின் ஊடாக நேர்க்கோட்டில் போய்ப் போய் வரும். வடகிழக்காகச் சாய்த்துத் தள்ளினாலும் நீள்வட்டம்தான். அச்சுகள் மட்டும் சாய்ந்துகொள்ளும். இத்தனைக்கும் சுற்று நேரம் அதே 3.14 நொடி.

◆ ஆமாம், நேரம் மாறுவதே இல்லை. 4 மீட்டரில் சுற்றும் துகளும் 4 கிலோமீட்டரில் சுற்றும் துகளும் ஒன்றாகப் புறப்பட்டால் ஒன்றாகவே வந்து சேரும். தூரம் கூடினால் ஓட வேண்டிய வழி கூடும். ஆனால் இழுப்பும் அதே அளவு கூடிவிடும். சூரியக் குடும்பத்தில் இந்த விதி இருந்திருந்தால் எல்லாக் கோள்களுக்கும் ஒரே நீளத்தில் ஆண்டு பிறந்திருக்கும். இருப்பதோ புதனுக்கு 88 நாள், நெப்டியூனுக்குச் சுமார் 165 ஆண்டு.

◆ நீள்வட்டம் என்றதும் எல்லோருக்கும் கெப்ளர் நினைவுக்கு வருவார். 1609-இல் அவர் வெளியிட்ட 'அஸ்ட்ரோனோமியா நோவா'வில் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று காட்டினார். ஆனால் அங்கே சூரியன் இருப்பது நடுவில் இல்லை. ஒரு பக்கம் ஒதுங்கிய குவியத்தில். ஒரு சுற்றில் கோள் ஒரு முறைதான் சூரியனை நெருங்கும், ஒரு முறைதான் விலகும். நம் வளையல் நிழலிலோ ஒரு சுற்றில் இரண்டு முறை நெருக்கம், இரண்டு முறை விலக்கம். நெருக்கத்துக்கும் விலக்கத்துக்கும் இடையே கோளுக்கு 180 பாகை, இந்தத் துகளுக்கு 90 பாகை.

இரண்டுக்கும் பொதுவானது கெப்ளரின் சம பரப்பு விதி. மையத்திலிருந்து துகளுக்கு இழுத்த கோடு சம நேரத்தில் சம பரப்பைத் துடைக்கும். அது எந்த மைய விசைக்கும் பொருந்தும். விசையின் அளவு அதில் தலையிடாது.

◆ நியூட்டனின் 'பிரின்சிபியா' 1687-இல் வெளிவந்தது. உலகத்தையே புரட்டிய குவிய நீள்வட்டம் அதன் முதல் புத்தகத்தில் 11-ஆம் கூற்று. அதற்கு முந்திய 10-ஆம் கூற்று எது? மையத்தில் விசை உள்ள நீள்வட்டம். விசை தொலைவுக்கு நேர்விகிதம். எல்லா நீள்வட்டங்களுக்கும் சுற்று நேரம் ஒன்றே என்பதையும் அங்கேயே கிளைத்தேற்றமாகச் சொல்லிவிடுகிறார். இதற்கு முன்னோடியாக 1684-இல் வானியலாளர் ஹாலிக்கு அனுப்பிய சிறு கையெழுத்துப் படியிலும் இதே வரிசைதான். முதலில் மையம், அடுத்து குவியம்.

பின்னால் வந்த பதிப்பில் 11-ஆம் கூற்றுக்கு இன்னொரு நிறுவலும் சேர்த்தார். அதில் தலைகீழ் இருமடி விதியை 10-ஆம் கூற்றிலிருந்தே வருவிக்கிறார். சூரியனைச் சுற்றும் கோளுக்குச் சுருள்வில்லிலிருந்து வழி போட்டிருக்கிறார். பாடப்புத்தகங்கள் இந்த வழியைக் காட்டாமலே கடந்துபோவது எனக்கு வருத்தம்தான்.

◆ சுருள்வில்லுக்கான விதி ராபர்ட் ஹூக்குடையது. 1676-இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக அச்சிட்டார். பிறர் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் முதலில் கண்டது தான்தான் என்ற பதிவு வேண்டும் என்பதற்காக அன்றைய அறிஞர்கள் கையாண்ட முறை அது. 1678-இல் புதிரை அவரே அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ விசை அவ்வளவு.

◆ அதற்கும் பத்தாண்டு முன்னே, 1666 மே மாதம், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் முன்னால் ஹூக் ஒரு நீண்ட கயிற்றில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு பக்கம் இழுத்து, பக்கவாட்டில் லேசாகத் தள்ளிவிட்டார். குண்டு வட்டமும் நீள்வட்டமுமாகச் சுற்றியது. கோள்கள் ஏன் நேரே ஓடிவிடாமல் வளைந்து சுற்றுகின்றன என்பதற்கு அவர் காட்டிய மாதிரி அதுதான். பெரிய குண்டின் கயிற்றில் சின்னதாக இன்னொரு குண்டையும் தொங்கவிட்டு, பூமியும் நிலாவும் சேர்ந்து சுற்றுவதைக்கூடக் காட்டினார். தன் குண்டில் விலக விலக இழுப்பு கூடுகிறது, சூரியனிடம் அப்படி இருக்காது என்பதையும் அன்றே உணர்ந்திருந்தார்.

◆ ஹூக்குக்கும் நியூட்டனுக்கும் பின்னாளில் வந்த பகை ஊரறிந்தது. அதன் நடுவே ஓர் அருமையான கணக்கு மறைந்துகிடக்கிறது.

1679 நவம்பரில் நியூட்டன் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தில், உயரத்திலிருந்து விழும் கல் பூமியின் சுழற்சியால் கிழக்கே சற்று விலகி விழும் என்று சொல்லி, கூடவே ஒரு படமும் வரைந்தார். பூமிக்குள்ளும் தடையின்றி விழ முடிந்தால் கல் சுருண்டு சுருண்டு மையத்தில் போய் அடங்கும் என்பது போல அந்தப் படம் இருந்தது. ஹூக் மறுத்தார். பூமியை நிலநடுக்கோட்டில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் ஒரு கஜம் விலக்கி வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த இடைவெளியில் விழும் கல் சுருளாது. நீள்வட்டம் போன்ற ஒரு பாதையில் சுற்றிச் சுற்றி வரும் என்றார்.

பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் ஹூக் சொன்னது அப்படியே சரி. சீரான கோளத்துக்கு உள்ளே ஈர்ப்பு மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்விகிதம். பிரின்சிபியாவிலேயே பிறகு நியூட்டன் இதை நிறுவினார். காரணம், நம் தலைக்கு மேலே இருக்கும் ஓட்டின் இழுப்பெல்லாம் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். காலுக்குக் கீழே உள்ள கோளம் மட்டுமே இழுக்கும். ஆகவே கல்லின் பாதை பூமியின் மையத்தை நடுவாகக் கொண்ட நீள்வட்டம்.

எவ்வளவு ஒடுங்கிய நீள்வட்டம்? நிலநடுக்கோட்டில் பூமி நொடிக்குச் சுமார் 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. கையிலிருந்து நழுவும் கல்லுக்கும் அந்த வேகம் உண்டு. அதை விசையின் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் அரைக் குற்றச்சு சுமார் 375 கிலோமீட்டர் என்று வருகிறது. அரை நெட்டச்சு 6,378 கிலோமீட்டர். நேரே கீழே போட்டதாக நாம் நினைத்த கல், பூமியின் மையத்தை 375 கிலோமீட்டர் தள்ளியே கடந்து போகும்! முதல் தடவை இதைக் கணக்கிட்டபோது பிழை என்று நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

◆ சுழற்சியை விட்டுவிட்டு, சீரான பூமியில் ஒரு சுரங்கம் தோண்டுவோம். ஒரு முனையில் விழுந்தால் 42 நிமிடத்தில் மறுமுனை. வியப்பு அதுவல்ல. சுரங்கம் மையத்தின் வழியே போக வேண்டும் என்றே இல்லை. எந்த இரண்டு ஊரையும் நேர்க்கோட்டில் இணைத்தாலும், உராய்வும் காற்றும் இல்லாவிட்டால், அதே 42 நிமிடம்தான். சென்னைக்கும் தில்லிக்கும் இடையே தோண்டினால் சுரங்கம் நடுவில் சுமார் 60 கிலோமீட்டர் ஆழத்தில் ஓடும். வாயிலில் சரிவு 8 பாகைதான்; சைக்கிளில் இறங்கலாம் போன்ற சரிவு. இயந்திரம் எதுவும் வேண்டாம். நடுவழியில் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்.

1966-இல் பால் கூப்பர் என்பவர் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களுக்கான ஓர் இதழில் இதைக் கட்டுரையாக எழுதியபோது பெரிய விவாதமே நடந்தது. 2015-இல் அலெக்சாண்டர் க்ளாட்ஸ், பூமிக்குள் உண்மையில் உள்ள அடர்த்தியை எடுத்துக் கணக்கிட்டார். மையத்தின் வழியாகப் போகும் பயணத்துக்கு 38 நிமிடம் 11 நொடி என்று வந்தது. பூமியின் உட்கரு மிக அடர்த்தியானது; ஆகவே மேலோட்டைத் தாண்டிக் கீழே போன பிறகும் வெகுதூரம் இழுப்பு குறையாமலே இருக்கிறது.

◆ அந்த 42 நிமிடச் சொச்சத்தை இரட்டித்தால் 84.4 நிமிடம், போய் வரும் நேரம். பூமியின் தரையை ஒட்டி, காற்றே இல்லாமல், ஒரு செயற்கைக்கோள் சுற்ற முடிந்தால் அதற்கும் 84.4 நிமிடம். ஒரே விசை விதியில் வட்டமும் நேர்க்கோடும் ஒரே நேரம் எடுக்கும் என்று மேலே பார்த்தோமே, அதுதான் இது. வட்டம் செயற்கைக்கோள்; நேர்க்கோடு சுரங்க வண்டி.

இதே எண் கப்பலிலும் விமானத்திலும் வந்து நிற்கிறது. வெளியே எதையும் பார்க்காமல், சுழலிகளையும் முடுக்கமானிகளையும் மட்டும் வைத்து இடத்தைக் கணிக்கும் கருவிகள் அவற்றில் உண்டு. கணிப்பில் ஒரு சிறு பிழை விழுந்தால் அது கட்டுக்கடங்காமல் வளராது. சுருள்வில்லில் கட்டியது போல 84.4 நிமிடத்துக்கு ஒரு முறை போய் வரும். அப்படி ஆகும்படி கருவியை அமைக்க வேண்டும் என்ற நெறியை 1923-இல் வகுத்தவர் ஜெர்மானியப் பொறியாளர் மாக்ஸ் ஷூலர். விமானிகளின் பாடத்தில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

◆ மேலே போட்ட 4, 3 கணக்குக்கு மறுபடி வாருங்கள். புறப்படும் இடத்தில் தொலைவு 4. அங்கே வேகம் 6. அதைக் கோண அதிர்வெண் 2-ஆல் வகுத்தால் 3. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 25. வடக்கு முனையில் தொலைவு 3; வேகம் 8, அதில் பாதி 4. கூட்டினால் மறுபடி 25. பாதையில் எந்தப் புள்ளியில் நிறுத்திக் கணக்கிட்டாலும் 25 மாறாது. ஆற்றல் அழியாமை என்று நாம் படித்தது இதுதான்.

கிரேக்கக் கணித மேதை அப்பலோனியஸ் கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கூம்பு வெட்டிகள் நூலின் ஏழாம் புத்தகத்தில் இதே செய்தி இருக்கிறது! ஒன்றின் முனையில் போடும் தொடுகோடு மற்றதற்கு இணையாக இருக்கும் விட்டச் சோடிக்கு இணையிய விட்டங்கள் என்று பெயர்; நீள்வட்டத்தில் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் தொகை எப்போதும் மாறாது என்கிறார். அவற்றின் முனைகளில் வரையும் இணைகரத்தின் பரப்பும் மாறாது என்று இன்னொரு தேற்றம். அது கோண உந்த அழியாமை. விசை, ஆற்றல், உந்தம் என்ற சொற்களெல்லாம் பிறப்பதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முன்பே இரண்டு அழியா விதிகளும் வடிவியலாக எழுதப்பட்டுவிட்டன.

அந்த ஏழாம் புத்தகத்தின் கிரேக்க மூலம் தொலைந்துபோனது. அரபு மொழிபெயர்ப்பில் பிழைத்தது. அதை லத்தீனுக்குக் கொண்டுவந்து 1710-இல் பதிப்பித்தவர் எட்மண்ட் ஹாலி. நியூட்டனிடம் போய்க் கோள்களின் பாதையைப் பற்றிக் கேட்டு, பிரின்சிபியாவை எழுதவைத்து, சொந்தப் பணத்தில் அச்சிட்டுக் கொடுத்த அதே ஹாலி.

◆ மைய நீள்வட்டமும் குவிய நீள்வட்டமும் உடன்பிறப்புகள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரே ஒரு செயல் போதும்: வர்க்கப்படுத்துவது.

தளத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கலப்பெண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை வர்க்கப்படுத்தினால் மையத்திலிருந்து தொலைவு வர்க்கமாகும், கோணம் இரட்டிக்கும். அரை அச்சுகள் 3-ம் 1-ம் உள்ள மைய நீள்வட்டத்தை இப்படி மாற்றிப் பாருங்கள். கிடைப்பது அரை அச்சுகள் 5-ம் 3-ம் உள்ள வேறொரு நீள்வட்டம். அதன் நடுப்புள்ளி 4 அலகு தள்ளிப் போய்விடுகிறது. 5, 3, 4! குவியத்துக்கும் நடுவுக்கும் உள்ள தொலைவு துல்லியமாக 4 என்பதால், பழைய மையம் புதிய நீள்வட்டத்தின் குவியத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சுருள்வில் பாதை கெப்ளர் பாதையாகிவிட்டது. கோணம் இரட்டித்ததால் இரண்டு நெருக்கங்கள் ஒரு நெருக்கமாகின. நேரத்தை மட்டும் வேறு அளவுகோலில் அளக்க வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலினும் லெவி-சிவிதாவும் இந்த உருமாற்றத்தை வானியல் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். இரு விண்பொருள்கள் மிக நெருங்கும்போது ஈர்ப்பு கட்டுமீறிப் பெருகி, கணக்கு உடைந்துபோகும். வர்க்கமூலம் எடுத்துச் சுருள்வில் உலகத்துக்குப் போய்விட்டால் மையத்தில் விசை பூச்சியம், ஆபத்தே இல்லை. 1965-இல் குஸ்தான்ஹைமோவும் ஸ்டீஃபலும் இதை முப்பரிமாணத்துக்கு விரித்தார்கள்.

◆ சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். கடைசி ஆண்டுகளில் அவர் மூழ்கிக்கிடந்தது பிரின்சிபியாவில். ஒவ்வொரு கூற்றையும் முதலில் தன் வழியில் நிறுவிப் பார்ப்பார். அதன் பிறகே நியூட்டனின் நிறுவலைத் திறந்து ஒப்பிடுவார். மையத்துக்கும் குவியத்துக்கும் உள்ள இந்த இரட்டை உறவையும் அவர் விட்டுவைக்கவில்லை. பொது வாசகருக்கான அவருடைய பிரின்சிபியா நூல் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 21 அன்று அவர் மறைந்தார். 84 வயதில் ஒருவர் 300 ஆண்டு பழைய நூலை மாணவனைப் போல வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

◆ மைய விசையின் விதிகளை எண்ணற்ற விதமாக எழுதலாம். அவற்றுள், கட்டுண்ட துகளை எப்படி விட்டாலும் புறப்பட்ட இடத்துக்கே மூடிக்கொண்டு வரும் பாதையைத் தருபவை இரண்டே இரண்டு. தொலைவுக்கு நேர்விகிதம் ஒன்று. தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் இன்னொன்று. மற்ற எல்லாவற்றிலும் பாதை பொதுவாக ரோஜா இதழ் போல விரிந்து விரிந்து, மூடாமலே போகும். 1873-இல் இதை நிறுவியவர் பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் பெர்ட்ராண்ட்.

◆ மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் பாதை என்ன? ஈர்ப்பு விதிக்கு இது முந்நூறு ஆண்டாகத் தலைவலி. பொதுவான எளிய தீர்வு கிடையாது. தொலைவுக்கு நேர்விகித விதியில் மூன்றென்ன, முந்நூறு பொருள்கள் இருந்தாலும் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றும் பொதுவான நிறை மையத்தைச் சுற்றி நீள்வட்டத்தில் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே சுற்று நேரம். பிரின்சிபியா, முதல் புத்தகம், 64-ஆம் கூற்று.

◆ வீசி எறிந்த கல்லின் பரவளையமும் இந்தக் குடும்பம்தான். மைய நீள்வட்டத்தின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு, மையத்தை வெகுதூரம், முடிவிலி வரை தள்ளிவிடுங்கள். இழுப்பு எங்கும் ஒன்றுபோலாகும்; பாதை பரவளையமாகும். இது கலிலியோவின் தேற்றம் என்று 10-ஆம் கூற்றுக்குக் கீழேயே நியூட்டன் குறித்துவைத்தார். இழுப்பதற்குப் பதில் அதே அளவில் விசை தள்ளினால்? அதிபரவளையம். அதையும் சேர்த்தே எழுதிவிட்டார்.

◆ 1896-இல் டச்சு இயற்பியலாளர் பீட்டர் சேமன், சோடியம் சுடரைக் காந்தத்தின் நடுவே வைத்துப் பார்த்தார். ஒளிக்கோடுகள் அகன்று தெரிந்தன. அவருடைய ஆசிரியர் லோரன்ஸ் உடனே விளக்கம் தந்தார். அணுவுக்குள் ஒரு மின்னூட்டத் துகள், தொலைவுக்கு நேர்விகித விசையில் கட்டுண்டு, நீள்வட்டமாகச் சுற்றுகிறது என்று கொள்வோம். காந்தப்புலம் வந்தால் ஒரு பக்கம் சுற்றுவது கொஞ்சம் விரையும். எதிர்ப்பக்கம் சுற்றுவது கொஞ்சம் தாமதிக்கும். புலத்தின் திசையில் ஆடுவது மாறாது. ஆக ஒரு கோடு மூன்றாகப் பிரிய வேண்டும்.

பிரிவின் அளவிலிருந்து, அந்தத் துகளின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் ஹைட்ரஜன் அயனியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் என்று தெரிந்தது; ஊட்டம் எதிர்மின் என்பதும் தெரிந்தது. 1897-இல் ஜே.ஜே. தாம்சன் கேத்தோடு கதிர்க் குழாய்க்குள் கண்ட எலக்ட்ரானும் அதுவே. 1902-இன் நோபல் பரிசு சேமனுக்கும் லோரன்ஸுக்கும். அணுவுக்குள் சுருள்வில் எதுவும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது உண்மை. ஆனாலும் எலக்ட்ரானை முதலில் தொட்டுக் காட்டியது இந்த நீள்வட்டம்.

◆ இரண்டு திசையிலும் சுருள்வில்லின் பலம் வேறு வேறாக இருந்தால் நீள்வட்டம் உடைந்து, பின்னல் பின்னலாக அழகிய கோலங்கள் பிறக்கும். 1815-இல் அமெரிக்காவின் நதானியல் பவுடிட்ச் அவற்றை முதலில் ஆராய்ந்தார். 1857-இல் பிரான்சின் லிசாஜு ஒளிக்கற்றையால் அவற்றைச் சுவரில் வரைந்து காட்டி, பெயரைத் தட்டிச் சென்றார். ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தின் சின்னம் இப்படிப்பட்ட ஒரு கோலம்தான். இரண்டு அதிர்வெண்களும் 3-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் கிடைப்பது.

◆ தில்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் 22 மீட்டர் உயரத்திலிருந்து 36 கிலோ குண்டு ஒன்று தொங்கி ஆடுகிறது. ஃபூக்கோ ஊசல். 1851-இல் பாரிஸ் பாந்தியனில் ஃபூக்கோ தொங்கவிட்டது 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு. பூமி சுழல்வதால் ஊசல் ஆடும் தளம் மெல்லத் திரும்பும். தில்லியில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம். இந்த ஊசலைக் கட்டுபவர்கள் எல்லோரும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: குண்டு நேர்க்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாகிவிடுமோ என்று. ஃபூக்கோ குண்டைக் கையால் விடவில்லை. நூலால் இழுத்துக் கட்டி, அது முழுக்க அசைவற்ற பிறகு நூலைத் தீயால் எரித்து விடுவித்தார். விரல் நுனியின் சிறு நடுக்கம்கூட நீள்வட்டத்தைப் பிறப்பித்துவிடும். நீள்வட்டம் வந்தால் அது பூமியின் சுழற்சியோடு சம்பந்தமில்லாமல் தானும் திரும்பத் தொடங்கும்.

◆ அந்தத் திரும்பலை வீட்டிலேயே பார்க்கலாம். கொத்தனாரின் தூக்குக்குண்டு இருந்தால் நல்லது. ஒரு மீட்டர் நூலில் கட்டி, விட்டத்துக் கொக்கியில் தொங்கவிடுங்கள். கீழே ஓய்வுப் புள்ளியில் சாக்கட்டியால் ஒரு குறி. குண்டை 20 சென்டிமீட்டர் இழுத்து, பக்கவாட்டில் இலேசாகத் தட்டி விடுங்கள், குறுக்கே 10 சென்டிமீட்டர் போகும் அளவுக்கு. குறியை நடுவில் வைத்து நீள்வட்டம் ஓடும். ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி. கைப்பேசியில் நேரம் எடுங்கள். சிறிதாகத் தள்ளினாலும் பெரிதாகத் தள்ளினாலும் இரண்டு நொடிதான்.

பாதையைக் கோடாகப் பிடிக்க வேண்டுமா? குண்டுக்குப் பதிலாகக் கெட்டித் தாளைக் கூம்பாகச் சுருட்டி மூன்று நூலில் கட்டுங்கள். நுனியைப் பென்சில் முனையளவு வெட்டி, சலித்த கோலமாவை நிரப்புங்கள். மாவு ஈரமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். வெயிலில் ஒரு மணி நேரம் காய்ந்தால் நூல் போல இறங்கும். கீழே கறுப்புத் துணியை விரித்துக் கூம்பை விடுங்கள். முதல் சுற்று முடிந்து மாவுக்கோடு தன் தொடக்கத்துக்கு வரும்போது அதன்மேல் சரியாகப் படியாது. சற்று உள்ளே வரும். அது காற்றின் தடை. சற்று திரும்பியும் வரும். ஏனென்றால் ஊசலின் இழுப்பு தொலைவுக்கு முழுக்க நேர்விகிதம் இல்லை, விலகும்போது அது கொஞ்சம் பின்தங்குகிறது. மேலே சொன்ன அளவுகளுக்குச் சுற்றுக்குச் சுமார் 2.7 பாகை, கூம்பு சுற்றும் அதே திசையில். காற்றின் தடையால் நீள்வட்டம் சுருங்கச் சுருங்க இந்தத் திரும்பலும் குறையும். ஆகவே கூம்பில் மாவு நிறைய இருக்கும்போதே, முதல் பத்துச் சுற்றுக்குள் பார்த்துவிடுங்கள்.